உள்ரோட்டு மக்களுக்கு ஒரு நன்றிக் கடிதம்

கும்மிடிப்பூண்டி,
சித்திரை மாதம்.

பழவேற்காட்டில் ஆரம்பித்து ஊத்துக்கோட்டை, பூண்டி, திருவள்ளூர் வழியாகத் திருத்தணி வரைக்கும் உள்ரோட்டில் கடை போட்டிருக்கும், வலை இழுக்கும், ஆடு மேய்க்கும், பூ கட்டும் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

பங்குனிக் கடைசியில் ஒரு பழைய டிவிஎஸ் எக்ஸ்எல் உங்கள் பக்கம் வந்து போனது. முன்னால் ஒரு தண்ணீர் கேன், ஒரு துணிப்பை. ஓட்டியவர் என் வீட்டுக்காரர். பின்னால் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தது நான். ஆயிரம் பேர் வந்து போகிற ரோட்டில் எங்கள் முகம் உங்களுக்கு நினைவிருக்க வழியில்லை. ஒரு டீயை வாங்கிக்கொண்டு அரைமணி நேரம் பெஞ்சை விட்டு எழுந்திருக்காத ஜோடி என்றால் ஒருவேளை பிடிபடலாம்.

இவர் சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் ஃபிட்டர். போன தை மாதம்தான் ரிட்டையர் ஆனார். கம்பி உருட்டுகிற கம்பெனியில் ஃபர்னஸை நினைத்தபோது அணைத்துவிட முடியாது என்பதால் ஞாயிறு, பண்டிகை எல்லாம் ஷிஃப்ட் கணக்கில் வரும். காலை ஷிஃப்ட் வாரம் சீக்கிரம் தூங்கிவிடுவார், இரவு ஷிஃப்ட் வாரம் பகலெல்லாம் தூங்குவார், நடுவில் இருக்கிற வாரம் ஓ.டி. பார்ப்பார். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து நாங்கள் போன வெளியூர் என்றால் திருப்பதிதான். அதுவும் சொந்தக்காரர்களோடு வேன் எடுத்து ராத்திரியில் கிளம்பி, ராத்திரியில் திரும்புவோம். வழியில் என்ன இருக்கிறது என்று பார்த்ததே இல்லை. வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் ஓடும் நெடுஞ்சாலை நேராகக் கொல்கத்தாவுக்குப் போகிறது. அதில் ஓடுகிற கன்டெய்னர் லாரிகளைப் பார்த்துப் பார்த்து, ரோடு என்றாலே வேகமாய்க் கடந்து போவதற்கு என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

எங்கள் மூத்தவள் மருமகனோடு அமெரிக்காவில், அரிசோனாவில் இருக்கிறாள். மாசியில் அவர்கள் இருவரும் காரை எடுத்துக்கொண்டு பாலைவனம் சுற்றிவிட்டு வந்து வீடியோ காலில் படங்கள் காட்டினார்கள். செக்கச் சிவந்த பாறைகள், ஆள் உயரத்தைப் போல் பல மடங்கு வளர்ந்து கை தூக்கி நிற்கும் கள்ளிகள், கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கு, வானத்தைப் போய் முட்டுகிற நேர் ரோடு. நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் கேட்டது ஒரே கேள்விதான்.

“வழியில டீ குடிக்க எங்கம்மா நிறுத்துனீங்க?”

“டீயா? சில இடத்துல மணிக்கணக்கா போனாலும் ஒரு கடை கிடையாதுப்பா. பெட்ரோலே பார்த்துத்தான் போட்டுக்கணும்.”

போனை வைத்ததும் இவருக்குப் பிள்ளைகள் மேல் பரிதாபமாகிவிட்டது. “நம்ம பக்கம் பத்து நிமிஷத்துக்கு ஒரு டீக்கடை இருக்கு. நாம போவோமா?” என்றார். எங்கே என்று கேட்டேன். “எங்கன்னு வச்சுக்க வேணாம். நிக்கத் தோணுற இடத்துல நிப்போம்” என்றார். முப்பது வருஷத்துக்கு மேல் கேட் பாஸும் சங்குச் சத்தமுமாக இருந்த மனுஷன் வாயில் இப்படி ஒரு பேச்சு வரும் என்று நான் நினைக்கவில்லை.

முதலில் பழவேற்காடு. பொன்னேரி தாண்டியதும் காற்றில் உப்பு ஏறிவிடுகிறது. ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்தபடி இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இது. டச்சுக்காரர்கள் 1613-ல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டி, துணி ஏற்றுமதி செய்து, வெடிமருந்து தயாரித்து, மனிதர்களையும் அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள். சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் 1690 வரைக்கும் இதுதான், பிறகு நாகப்பட்டினத்துக்கு மாறியது. கோட்டை போய்விட்டது. கல்லறைத் தோட்டம் இருக்கிறது, தொல்லியல் துறையின் பொறுப்பில். வாசலில் இரண்டு பக்கமும் எலும்புக்கூடு செதுக்கியிருக்கிறார்கள். உள்ளே பெரிய பெரிய கல்பலகைகளில் குடும்பச் சின்னமும் டச்சு எழுத்தும். எழுத்தின் ஆழத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “உளி தேயாம இவ்ளோ சீரா ஒரே ஆழத்துல வெட்டியிருக்கான் பாரு” என்றார் இவர். கல்லறைக்குப் போனாலும் ஃபிட்டர் கண் மாறவில்லை.

ஏரிக்கரையில் படகு ஓரம் வலை பிரித்துக்கொண்டிருந்த அண்ணே, உங்களுக்குத்தான் இந்தக் கடிதத்தில் முதல் நன்றி. படகில் ஒரு சுற்று கூட்டிப்போக முடியுமா என்று நான்தான் கேட்டேன். கேட்ட காசைத் தருவதாகவும் சொன்னேன். நீங்கள் தலையைக்கூட நிமிர்த்தாமல் “வேணாம்மா” என்றீர்கள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் காரணம் சொன்னீர்கள். 2011-ம் வருஷம் கிறிஸ்துமஸ் அன்று படகு கவிழ்ந்து 22 பேர் செத்துப்போனது எங்கள் கும்மிடிப்பூண்டிப் பக்கம் யாரும் மறக்காத சாவு. அதற்குப் பிறகு சுற்றுலாப் படகுக்குத் தடை. “காசு வேணும்தான். ஆனா அன்னிக்குக் கரையில நின்னவன் நான்” என்று சொல்லிவிட்டு, பேச்சை மாற்றிப் பாடு முறையைப் பற்றி விளக்கினீர்கள். ஏரியில் இறால் கிடைக்கும் நல்ல இடங்கள் கொஞ்சம், வலை போடுகிறவர்கள் அதிகம். அதனால் இன்றைக்கு இவர்கள், நாளைக்கு அவர்கள் என்று ஊர் கூடி முறை வைத்துக்கொள்கிறீர்கள். நல்ல இடம் கிடைக்கிற நாளும் எல்லாருக்கும் வரும், வெறும் வலையாய்த் திரும்புகிற நாளும் எல்லாருக்கும் வரும். முகத்துவாரம் மணல் அடித்துத் தூர்ந்தால் ஏரியே செத்துவிடும் என்பதையும், ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடுகிற நாளில் கடலுக்குப் போகக் கூடாது என்பதையும் நீங்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ராக்கெட் போவதை நாங்கள் மொட்டை மாடியில் நின்று கைதட்டிப் பார்த்திருக்கிறோம். அன்றைக்கு உங்கள் வீட்டில் கூலி இல்லை என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்?

பூநாரைகள் பெரும்பாலும் கிளம்பிப் போயிருந்தன. தூரத்தில் ஒரு சிறு கூட்டம், வெயிலில் வெள்ளையா ரோஸா என்று தெரியாமல். அதற்கே இவர் ஒரு மணி நேரம் நின்றார்.

ராத்திரி வீட்டுக்கு வந்து படுத்துவிட்டு, மறுநாள் விடியற்காலையில் மேற்கே கிளம்பினோம், தேர்வாய்கண்டிகை வழியாக. மேய்ச்சல் நிலமும் காடுமாக இருந்த இடத்தில் சிப்காட் வந்தபோது அந்த ஊர்க்காரர்கள் எதிர்த்துப் போராடியதைப் பேப்பரில் படித்திருக்கிறேன். சிப்காட் சோற்றில் பிள்ளைகளைப் படிக்க வைத்தவள் நான். குறை சொல்ல எனக்கு வாய் கூசும். ஆனாலும் அகலமான கம்பெனி ரோட்டில் நிழலுக்கு ஒரு மரம் தேடி அலைந்தபோது, அந்த ஊர் ஆடுகள் இப்போது எங்கே மேய்கின்றன என்று கேட்கத் தோன்றியது.

அந்த ரோட்டில்தான் வண்டிச் செயின் கழன்றது. ஷிஃப்ட் முடிந்து கழுத்தில் அடையாள அட்டையோடு சைக்கிளில் வந்த தம்பி, நீ ஒடிசாவா பீகாரா என்றுகூட நாங்கள் கேட்கவில்லை. இவர் செயினை மாட்டுகிற வரைக்கும் வண்டியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாய். கையெல்லாம் கிரீஸ். உன் பாட்டிலில் இருந்த கடைசித் தண்ணீரை இவர் கை கழுவ ஊற்றினாய். எங்களிடம் கேன் நிறையத் தண்ணீர் இருக்கிறது என்று சொல்ல எனக்கு இந்தி வரவில்லை. காட்டியபோது சிரித்தாய். இதை உனக்கு யாராவது படித்துச் சொல்லட்டும்.

பக்கத்திலேயே கண்ணன்கோட்டை நீர்த்தேக்கம். 2020 நவம்பரில் திறந்தது. 500 மில்லியன் கன அடி பிடிக்கும். சென்னைக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுக்கிற ஏரிகளில் இதுதான் இளையது. கரையில் நின்று பார்த்தபோது மெட்ராஸ்காரர்கள் ஒரு நாளாவது இங்கே வந்து பார்த்துவிட்டுக் குழாயைத் திறக்கலாம் என்று நினைத்தேன். கிருஷ்ணா கால்வாய் நம் எல்லைக்குள் நுழைகிற ஊத்துக்கோட்டை ஜீரோ பாயிண்ட்டுக்கும் அவர்கள் வர வேண்டும். எம்.ஜி.ஆரும் என்.டி.ஆரும் 1983-ல் ஒப்பந்தம் போட்டு, 1996-ல்தான் கிருஷ்ணா தண்ணீர் முதல் தடவை வந்து சேர்ந்தது. கண்டலேறு அணையிலிருந்து பூண்டி வரை 177 கிலோமீட்டர் கால்வாய், அதில் நம் பக்கம் 25 கிலோமீட்டர்தான். மிச்சமெல்லாம் ஆந்திராவில்.

ஊத்துக்கோட்டையைத் தாண்டி ஆரணியாற்றங்கரையில், ஆந்திராவுக்குள், எல்லையை ஒட்டியே சுருட்டப்பள்ளி. லிங்கமாக நிற்காமல் சிவன் படுத்திருக்கிற கோயில். ஆலகால விஷத்தைக் குடித்த மயக்கத்தில் அம்மன் மடியில் தலைவைத்துப் படுத்திருக்கிறார். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து விழுகிற எங்கள் வீட்டுக்காரரைப் போலவே இருந்தார். சந்நிதியில் சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். இந்தக் கோயிலில் தட்சிணாமூர்த்திகூடத் துணைவியோடு இருக்கிறார். பிரதோஷ நாளாக இருந்திருந்தால் வாசற்படியையே தொட்டிருக்க முடியாது. வெறும் நாள் என்பதால் அர்ச்சகர் விரட்டவில்லை, நிதானமாக நிற்க விட்டார். அவருக்கும் நன்றி. வாசலில் பூக்கார அம்மா என் தலையில் பூ வைத்துவிட்டு, “கூட வந்தவரு வீட்டுக்காரரா? அவருக்கும் வாங்கிக் குடும்மா, சாமிக்குப் போட” என்று ஒரு முழம் சும்மா தந்தார். வியாபாரம் நடக்குமா இப்படி என்று இவர் கேட்டதற்கு, “நாளைக்கு வாடிடும், இன்னிக்கே குடுத்துடறது மேலு” என்றார்.

இனிமேல் சொல்லப்போவதுதான் எங்கள் பாலைவனம்.

பூண்டி நீர்த்தேக்கத்தில் தண்ணீர் இறங்கிப்போய்க் கரையெல்லாம் வெடித்த சேறு. கொசஸ்தலையாற்றின் குறுக்கே 1944-ல் கட்டி முடித்த அணை இது. மெட்ராஸ் மேயராக இருந்து இந்த வேலையைத் தொடங்கிவைத்த சத்தியமூர்த்தி, திறப்பதற்கு முன்பே 1943-ல் இறந்துவிட்டார். அவர் பெயரைத்தான் அணைக்கு வைத்திருக்கிறார்கள். நிரம்பினால் 3,231 மில்லியன் கன அடி. நாங்கள் பார்த்தபோது அது நிரம்பிய கதையைச் சொன்னால் நம்ப முடியாது. அணையைத் தாண்டியதும் நிலம் மாறுகிறது. சிவப்புச் சரளை, கூழாங்கல், முள்புதர், நடுநடுவே பனைமரம், பின்னால் அல்லிக்குழி மலை. மதியம் பன்னிரண்டு மணிக்குக் காற்று சுடுகிறது. அரிசோனா படத்தில் பார்த்த நிறத்துக்குக் கொஞ்சமும் குறைவில்லை.

பூண்டியில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் ஒன்று இருக்கிறது. நாங்கள் போனபோது எங்களைத் தவிர வேறு ஆள் இல்லை. அங்கே இருந்த ஊழியர் எழுந்து வந்து விளக்கைப் போட்டார், மின்விசிறியைப் போட்டார், “மெதுவா பாருங்க, அவசரம் இல்ல” என்றார். ஐயா, அரசு அலுவலகத்தில் இப்படி ஒரு வார்த்தையை நாங்கள் கேட்டதே இல்லை. கண்ணாடிக்குள் கல் கோடாரிகள். உள்ளங்கை அகலம், ஒரு பக்கம் கூர், இரண்டு பக்கமும் ஒரே அளவாகச் சில்லு சில்லாக எடுத்திருக்கிறார்கள். இவர் நகரவில்லை. “இது ஹெல்பர் வேலை இல்ல. பத்து வருஷம் கை பழகினவன் செஞ்சது. கல்லு எந்தப் பக்கம் உடையும்னு தெரிஞ்சு தட்டியிருக்கான்” என்றார்.

எப்போது தட்டினான் என்பதுதான் என் தலையைச் சுற்றியது. புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 மே மாதம் பல்லாவரத்தில் முதல் கல் கருவியைக் கண்டெடுத்தார். அதே வருஷம் செப்டம்பரில் வில்லியம் கிங்கோடு அத்திரம்பாக்கம் வந்தார். அத்திரம்பாக்கம் என்பது பூண்டிக்குப் பக்கத்தில், பஸ்ஸில் போனால் கவனிக்காமல் விட்டுவிடுகிற ஊர். சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் 1999-லிருந்து அங்கே தோண்டி ஆராய்ந்து, மண்ணுக்குள் புதைவதற்கு முன் கல்லில் விண்கதிர் பட்ட தடத்தை அளந்து, அந்தக் கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் வயது என்று 2011-ல் அறிவித்தார்கள். 2018-ல் இன்னொரு ஆய்வு. அதைவிட நுணுக்கமான கருவிகளை இங்கே 3,85,000 வருஷங்களுக்கு முன்பே செய்யத் தொடங்கிவிட்டார்கள் என்று அது சொன்னது. உலகம் பூராவும் படிக்கிற ஆராய்ச்சி இதழ்களில் நம் ஊர்ப் பெயர் வந்திருக்கிறது. கும்மிடிப்பூண்டியில் இவர் கம்பி உருட்டியதற்கு 15 லட்சம் வருஷம் முன்பே இந்த மாவட்டத்தில் பட்டறை இருந்திருக்கிறது. இதை எங்கள் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அத்திரம்பாக்கத்தில் கல்லு கிடக்கிற இடத்தைக் காட்டிய ஆட்டுக்காரத் தாத்தா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஓடைக்கரையில் காலால் சரளையை விலக்கி, “இதோ, வெள்ளைக்காரன் பொறுக்கினது இந்தக் கல்லுதான்” என்றீர்கள். உடைந்த விளிம்போடு ஒன்று கண்ணில் பட்டது. குனிந்து எடுக்கப் போனேன். “எடுக்காதம்மா” என்று கோலை நீட்டித் தடுத்தீர்கள். “அது கிடக்கிற எடத்துல கிடந்தாத்தான் அவங்களுக்குக் கணக்கு. உங்க வீட்டு ஷோகேஸுக்குப் போனா வெறும் கல்லு.” தொல்லியல் படித்தவர்கள் பக்கம் பக்கமாக எழுதுவதை இரண்டு வரியில் முடித்துவிட்டீர்கள். குடியம் குகைக்குப் போக வேண்டும் என்று இவர் ஆசைப்பட்டதற்கும் நீங்கள்தான் வேண்டாம் என்றீர்கள். காட்டுக்குள் நெடுந்தூரம் நடை, இந்த வெயிலில் பொம்பளையைக் கூட்டிப்போகாதே, மார்கழி தையில் விடியற்காலம் வா என்று. வருவோம் தாத்தா, தண்ணீரோடு.

திருவள்ளூர் ரோட்டில் பனை நுங்கு விற்ற அக்காவும் அப்படித்தான். பையில் போடச் சொன்னேன். ஒன்றை வெட்டிப் பார்த்துவிட்டு, “இது முத்திப்போச்சு, வயித்து வலி வரும். நாளைக்குக் காலைல வாங்க, புதுசு இறக்குவாங்க” என்று திருப்பி அனுப்பினார். நான் இந்தப் பயணத்தில் அதிகம் கடன்பட்டது இப்படி வேண்டாம் என்று சொன்னவர்களிடம்தான். உங்களில் ஒருவருக்கும் எங்களிடம் விற்றால் நஷ்டமில்லை. எங்களை இன்னொரு தடவை பார்ப்பீர்கள் என்பதற்கும் உத்தரவாதமில்லை.

திருவள்ளூரில் வீரராகவர் கோயில் குளத்தில் வெல்லம் கரைத்தோம், என் முழங்கால் வலிக்காக. திருவாலங்காட்டில் காரைக்கால் அம்மையாரைக் கும்பிட்டோம். திருத்தணி மலையில் 365 படியையும் நான் ஏறவில்லை, இவர் ஏறினார். கீழே டீக்கடைப் பெரியவர், இந்த ஊர் 1960-ல்தான் ஆந்திராவிலிருந்து நம் பக்கம் வந்தது என்றும், ம.பொ.சி. இல்லையென்றால் வந்திருக்காது என்றும் சொன்னார். அவருக்கு அப்போது பத்து வயதாம். இவர் இறங்கி வருகிற வரைக்கும் கதை ஓடியது, டீக்குக் காசு வாங்கவில்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இது ஆம்பளை எழுதிய கடிதமாகிவிடும். வழி நெடுக நான் தண்ணீரை அளந்து அளந்துதான் குடித்தேன். வெயிலுக்குப் பயந்து இல்லை, ஒதுங்க இடம் கிடைக்குமா என்ற பயத்தில். இவருக்கு ஒரு புளியமரம் போதும். ஒரு பெட்ரோல் பங்க்கில் கேட்டேன். கழிவறை கட்டியிருக்கிறது, பூட்டும் தொங்குகிறது. சாவி முதலாளியிடம் என்றார்கள், முதலாளி எப்போது வருவார் என்றால் தெரியாது என்றார்கள். காற்றும் குடிநீரும் கழிவறையும் இலவசமாய் இருக்க வேண்டும் என்பது எண்ணெய் நிறுவனங்கள் பங்க்குகளுக்குப் போட்ட விதி. அதைச் சொன்னதும், என் முகத்தைப் பார்க்காமல் அடுத்த வண்டிக்குப் பெட்ரோல் போடப் போய்விட்டார்கள்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் தையல் மெஷின் ஓடுகிற ஒரு வீடு. அக்கா, நான் வாயைத் திறக்கும் முன்பே நீங்கள் புரிந்துகொண்டீர்கள். ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்துக் கொடுத்து, “பின்னால, வேப்பமரத்துக்கு அந்தாண்ட. பக்கெட்ல தண்ணி இருக்கு” என்றீர்கள். திரும்பி வந்தபோது ஒரு சொம்பு மோர் கொடுத்தீர்கள். “இப்ப பயப்படாம குடி” என்றீர்கள். கோயில் கும்பத்தையும் ஏரித் தண்ணீரையும் பார்த்தபோது வராத கண்ணீர் எனக்கு அப்போது வந்தது. நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், மெஷினுக்குத் திரும்பிவிட்டீர்கள்.

எங்களைப் போல வயதான ஜோடிகள் இனி நிறையக் கிளம்புவார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில், கையில் பி.எஃப். பணம், வீட்டில் ஒரு வண்டி. அவர்களுக்குப் பெரிய ஓட்டலோ தீம் பார்க்கோ வேண்டாம். உள்ரோட்டு மக்களாகிய உங்களிடம் கேட்க எனக்கு ஒன்றும் இல்லை, நீங்கள் கேட்காமலே கொடுத்துவிட்டீர்கள். கேட்பதெல்லாம் பங்க் முதலாளிகளையும் பஞ்சாயத்துத் தலைவர்களையும்தான். கட்டி முடித்துப் பூட்டி வைத்திருக்கும் கழிவறைகளைத் திறந்துவிடுங்கள். தினமும் ஒரு ஆள் கழுவட்டும், அவருக்குச் சம்பளம் கொடுங்கள். குழாயில் தண்ணீர் வரட்டும், உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கட்டும்.

இப்படிக்கு,
கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஃபிட்டராய் இருந்து ஓய்வு பெற்றவரின் மனைவி.